எட்டு லட்சம் கடனா, மாமாவின் பட்டறையா?

கேள்வி: அய்யா, எனக்குக் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கணிதம் 61, இயற்பியல் 74, வேதியியல் 66. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். அப்பா டாடா ஏஸ் ஓட்டுகிறார். அம்மா பலகாரக் கடைக்கு முறுக்கும் சீப்புச் சீடையும் சுட்டுக் கொடுக்கிறார். வெளியூர்த் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் மெக்கானிக்கல் தருகிறார்கள். வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம், விடுதிக்கு முக்கால் லட்சம். இந்த வாரத்துக்குள் 25,000 ரூபாய் முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கவும் தயார். ஆனால் திருச்சி துவாக்குடியில் பேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா, "காலேஜ் எல்லாம் வீண், என்னிடம் வந்து ரெண்டு வருஷம் தொழில் பழகு, வெல்டராகி சிங்கப்பூர் போகலாம்" என்கிறார். அங்கே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எனக்குக் கையால் செய்கிற வேலை ரொம்பப் பிடிக்கும். ஊரில் மோட்டார் கெட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கணக்குதான் பயம். வரும் ஆவணியில் எனக்கு 18 வயது முடிகிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

தம்பி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். இந்த வாரம் விட்டால் சீட் போய்விடும் என்று சொல்வது உங்களை யோசிக்க விடாமல் செய்வதற்காக. கவுன்சிலிங் எல்லாம் முடிந்த பிறகும் தனியார் கல்லூரிகள் பலவற்றில் மெக்கானிக்கல் இடங்கள் காலியாகவே இருக்கின்றன. ஒருவேளை இந்தப் பதில் வந்து சேர்வதற்குள் பணம் கட்டியிருந்தால் பதற வேண்டாம். வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகிக்கொண்டால், நடைமுறைக் கட்டணமாக 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்கிறீர்கள். அப்படியானால் பொறியியல் கவுன்சிலிங்கில் உங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021-இல் தமிழக அரசு கொண்டுவந்தது இது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும். இதற்கு மேல், அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் இருக்கிறது. பட்டப் படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. மூன்றுக்கும் அது பொருந்தும். இதெல்லாம் இருக்க, உங்கள் அம்மா ஏன் நகையைக் கழற்ற வேண்டும்? நான்கு வருடத்துக்கு எட்டு லட்சம் கொடுத்து வாங்கச் சொல்லும் அதே பட்டத்தை, அரசு கட்டணம் கட்ட, கவுன்சிலிங் வழியாகப் படிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் கட்-ஆஃப் 131. கணிதத்துக்கு 61, இயற்பியலில் பாதி 37, வேதியியலில் பாதி 33. 7.5 ஒதுக்கீட்டில் சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனை கட்-ஆஃபில் முடிந்தது என்று பார்த்துவிட்டு விருப்பப் பட்டியல் போடுங்கள். பதிவு செய்வதற்குக் கடைசித் தேதி வரை காத்திருக்காதீர்கள்.

அந்த எட்டு லட்சம் எவ்வளவு பெரிய சுமை என்பதையும் ஒரு முறை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 2 லட்சம் வீதம் நான்கு வருடம் கடன் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது கடன் பத்தே முக்கால் லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 14,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். முதல் வேலையில் கைக்கு வரும் சம்பளத்தில் அதைக் கழித்துவிட்டு, சென்னையிலோ கோயம்புத்தூரிலோ அறை வாடகையும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும்? கணக்குப் பாடத்தில் அரியர் விழுந்து பட்டம் தள்ளிப்போனாலும் தவணை தள்ளிப்போகாது. கணக்கு பயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அந்த மேனேஜ்மென்ட் சீட் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

சரி, மாமாவின் பட்டறைக்கு வருவோம். இதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். துவாக்குடி சாதாரண இடமில்லை. பாய்லர் செய்யும் பொதுத்துறை நிறுவனமான திருச்சி பெல்லை நம்பி வளர்ந்த பேப்ரிகேஷன் பட்டறைகள் அந்தப் பக்கம் நிறைய. பாய்லர் வேலை என்பது உயர் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய குழாய்களின் வேலை. அங்கே ஒரு வெல்டிங் இணைப்பு சரியில்லை என்றால் ஆட்களின் உயிரே போகலாம். நல்ல வெல்டருக்கு அங்கிருக்கும் மரியாதையைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நிலையாக 45 பாகை சாய்த்து நிறுத்திய குழாயை, திருப்பாமல், சுற்றிலும் வெல்ட் செய்து காட்டுவதை 6ஜி தேர்வு என்பார்கள். ஒரே இணைப்பில் கையை எல்லாக் கோணத்திலும் வைத்து வேலை செய்ய வேண்டும். அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே ஓட்டையோ கசடோ இல்லை என்றால்தான் தேறியதாக ஒத்துக்கொள்வார்கள். ஆர்கான் வெல்டிங், ஆர்க் வெல்டிங் இரண்டிலும் அந்தத் தேர்வை முடித்த வெல்டருக்கு வேலை தேடி அலையும் கவலை குறைவு. கையால் வேலை செய்வதில் உண்மையான ஆசை உள்ள பையனுக்கு இது கௌரவமான தொழில். உங்கள் மாமா உங்களைக் கெடுக்க நினைக்கவில்லை, தனக்குத் தெரிந்த நல்லதைத்தான் சொல்கிறார்.

ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கும்?

எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறையில் மாமா சொல்லிக்கொடுத்து நீங்கள் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திறமைக்கு மாமாவின் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி என்றால், துவாக்குடியைத் தாண்டியதும் அது செல்லாது. வெளிநாட்டு வேலைக்கும், பெரிய கம்பெனி வேலைக்கும் முதலில் கேட்பது சான்றிதழ், அப்புறம்தான் கையைப் பார்ப்பார்கள். சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்தவர்கள் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். சான்றிதழோடு போனவருக்கும் ஏஜென்டை மட்டும் நம்பிப் போனவருக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று அவர்களே சொல்வார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. தொழில் பழகுவதற்கென்றே 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம். ஆக, மாமாவின் பட்டறையும் பதிவு செய்துகொள்ள முடியும். பதிவு செய்தால் ஒப்பந்தம் எழுதப்படும். எத்தனை மாதப் பயிற்சி, என்ன தொழில், எவ்வளவு உதவித்தொகை எல்லாம் அதில் இருக்கும். 2019-இல் திருத்திய விதிகளின்படி குறைந்தபட்ச உதவித்தொகை படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். இதில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே பகிர்ந்துகொள்ளும் திட்டம் 2016-இல் வந்தது. இதை மாமாவிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவருக்கும் லாபம்தான். பயிற்சி முடிந்ததும் அகில இந்தியத் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். அந்தக் காகிதம் எந்த மாநிலத்திலும் பேசும்.

பதிவு செய்வதில் இன்னொரு முக்கியமான பாதுகாப்பும் உண்டு. வேலை செய்யும்போது காயம் பட்டால் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளிக்குச் சட்டப்படி வருகிறது. அதிகாரியின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்கச் சொல்லவும் முடியாது. பதிவில்லாமல் சொந்தக்காரர் பட்டறையில் இருக்கும் பையனுக்கு இவை எதுவும் இல்லை. மாமா என்ற உரிமையில் அவர் ராத்திரி பத்து மணிக்கும் கூப்பிடுவார், மருமகன் என்ற மரியாதையில் நீங்களும் போவீர்கள். சம்பளம் கேட்க வாய் வராது. பட்டறையில் மூன்று வருடம் டீ வாங்கி வந்து, துருத் தேய்த்து, கிரைண்டிங் போட்டு, வெல்டிங் டார்ச்சையே தொடாமல் வெளியே வந்த பையன்களோடு நான் பேசியிருக்கிறேன். அவர்கள் யாருடைய மாமாவும் கெட்டவர் இல்லை. வேலை நெருக்கடியில் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வது இது. கவுன்சிலிங் நடக்கும் இந்த இடைவெளியில் ஒரு சில வாரம் துவாக்குடி போய் மாமா வீட்டில் தங்குங்கள். 18 முடியாததால் டார்ச் பிடிக்க வேண்டாம், ஆபத்தான தொழில்களில் அப்ரண்டிஸாகச் சேரவும் 18 வயது ஆக வேண்டும். போய்க் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. 7018 என்ற வெல்டிங் ராடை ஈரம் போக ஓவனில் சூடாக்கி எடுக்கிறார்களா, இல்லை, பிரித்த பாக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்து அடிக்கிறார்களா? வெல்டிங் ஹெல்மெட், கையுறை, ஷூ எல்லோருக்கும் உண்டா? எந்தக் குழாய்க்கு எவ்வளவு கரண்ட் வைப்பது என்பதற்கு எழுத்தில் முறை இருக்கிறதா? புதுப் பையனுக்குப் பழகத் துண்டு இரும்பு தருகிறார்களா? அங்கே இருப்பவர்களில் 6ஜி தேறியவர் எத்தனை பேர்? இதற்கெல்லாம் நல்ல பதில் கிடைத்தால் அது தொழில் கற்கத் தகுந்த பட்டறை. வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் மட்டும் பார்த்துவிடாதீர்கள். அன்று ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல எரியும், தூங்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நாள் முழுக்க அந்த வேலையைச் செய்ய உங்களுக்கு மனம் இருக்கிறதா? மோட்டார் ரிப்பேர் பார்ப்பதில் உள்ள சந்தோஷம், ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதில் உள்ள சந்தோஷம். வெல்டிங் வேறு மாதிரி. ஒரே அசைவை ஆயிரம் தடவை பிசகாமல் செய்யும் பொறுமை அது. உங்களுக்கு எது என்று அங்கே போனால் தெரிந்துவிடும்.

என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், உங்களுக்கு நான் முதலில் வைப்பது பாலிடெக்னிக்கை. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்று வருடப் படிப்பு உங்களுக்கு இரண்டு வருடம்தான். காரைக்குடியிலேயே அழகப்பா அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, செட்டிநாட்டில் அண்ணாமலை பாலிடெக்னிக் இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம், விடுதிச் செலவு இல்லை. மெக்கானிக்கலோ எலக்ட்ரிக்கலோ எடுங்கள். மோட்டார் பைத்தியம் என்றால் எலக்ட்ரிக்கலையும் யோசியுங்கள். வொர்க்‌ஷாப், லேப் என்று கை வேலைக்கு நேரம் கிடைக்கும், கணக்கும் தேவைக்கேற்ப வரும். கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடும்போது வரும் பயம், அதே கணக்கு மோட்டாரின் கரண்டாக மாறும்போது பல பையன்களுக்குக் குறைந்துவிடுகிறது. பாலிடெக்னிக் வகுப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது.

டிப்ளமோ முடித்த கையோடு ஒரு வருடம் அப்ரண்டிஸாகப் போங்கள். டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்கு என்று தனியாக ஒரு தேசியப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இணையத்திலேயே பதியலாம். பெல் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இதன் வழியாக ஆள் எடுக்கின்றன. 2019 விதிப்படி டிப்ளமோ முடித்தவருக்குக் குறைந்தது 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். அப்ரண்டிஸ் முடித்தவருக்கு அதே நிறுவனம் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதை நம்பிப் போகாதீர்கள். ஆனால் அந்த ஒரு வருடச் சான்றிதழ் அடுத்த இடத்தில் உங்களுக்காகப் பேசும். டிப்ளமோ முடித்ததும் ஏதோ ஒரு வேலையில் ஓராண்டு ஓட்டிவிட்டு அப்புறம் அப்ரண்டிஸுக்கு விண்ணப்பித்தால் தகுதி இல்லை என்று சொல்லக்கூடும், அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

அதற்குப் பிறகும் பட்டம் வேண்டும் என்று தோன்றினால், டிப்ளமோ படித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தமிழ்நாடு முழுவதற்கும் அந்தச் சேர்க்கையைப் பல ஆண்டுகள் நம் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியிலிருந்துதான் நடத்தினார்கள். அன்று அந்த வளாகத்துக்கு வந்தவர்களில் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. இருபத்தொரு வயதில், கையில் தொழிலோடு, ஏன் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்க வருபவர் கல்லூரியில் நன்றாகவே படிக்கிறார்.

ஒரு விதிவிலக்கு. 7.5 ஒதுக்கீட்டில் காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரி மாதிரி நல்ல அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கலோ எலக்ட்ரிக்கலோ கிடைத்துவிட்டால் அதை விடாதீர்கள். செலவே இல்லாமல் அப்படி ஓர் இடம் கிடைத்தால் கணக்கு பயத்துக்காக அதை இழப்பது நியாயமில்லை. இப்போதே ஒரு நல்ல ஆசிரியரைப் பிடித்து, வகுப்பு தொடங்கும் வரை பிளஸ் ஒன் கணக்கை மறுபடி ஆரம்பத்திலிருந்து போடுங்கள். எங்கோ தூரத்தில், பெயர் கேள்விப்படாத கல்லூரியில்தான் கிடைக்கிறது என்றால் டிப்ளமோவே மேல்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் முடிவில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நாளெல்லாம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற ஒருவர், பிள்ளையும் நெருப்புக்கு முன்னால் நிற்க வேண்டாம் என்று நினைப்பது இயற்கை. அதை எதிர்த்துப் பேசாதீர்கள். பட்டம் இல்லாத பையனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்ற கவலையும் அவருக்கு இருக்கலாம். டிப்ளமோ வழியில் போனால் பட்டத்தின் கதவு மூடப்படவில்லை என்று விளக்குங்கள். தொழில் பழகப் போவது இந்த ஊருக்குக் குறைச்சலும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய நகரத்தார் பிள்ளைகள் கடையின் கடைநிலை உதவியாளான பெட்டியடிப் பையனாகத்தான் ஆரம்பித்தார்கள். அங்கே கணக்குப் பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அழகப்ப செட்டியாரே எம்.ஏ. முடித்து, லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர், அங்கே ஒரு வங்கியில் பயிற்சியாளராகவும் இருந்தார். படிப்பு வேறு, பழகுவது வேறு என்று அவர் பிரிக்கவில்லை. இன்று காரைக்குடியில் இவ்வளவு கல்லூரிகள் இருப்பதற்குக் காரணமான மனிதர் அவர் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

மாமாவிடம் நீங்களாகப் போய் மறுப்புச் சொல்ல வேண்டாம், அப்பாவைப் பேசச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லாமல், "டிப்ளமோ முடித்துவிட்டு உங்களிடமே அப்ரண்டிஸாக வருகிறான், அதற்குள் பட்டறையைப் பதிவு செய்து வையுங்கள்" என்று சொன்னால் உறவும் கெடாது, பட்டறைக்கும் நல்லது. வீட்டுச் சூழ்நிலையில் இரண்டு வருடம் காத்திருக்கவே முடியாது, உடனே சம்பாதிக்க வேண்டும் என்றால், அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருடம். அதை முடித்து, பதிவான அப்ரண்டிஸாகப் போகலாம். அப்போதும் பதிவில்லாத பட்டறை வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கவுன்சிலிங் பதிவு, பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டு விண்ணப்பம், இரண்டையும் போட்டுவிடுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்த வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் வாங்குங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களும், வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். கடைசி நேரத்தில் கூட்டம் தாங்காது. ரேங்க் வந்ததும், விருப்பப் பட்டியல் போடுவதற்கு முன்னால், மறுபடி எழுதுங்கள். எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.